ரோஸ் மெழுகுத் தலைகள்

பல் செட்டு கட்டுகிறவர்களுடைய பிழைப்பு ஒரு விசித்திரமான பிழைப்பு. ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் அவர்கள் கைவேலைதான் இருக்கும். ஆனால் தெருவில் எதிரே வந்தால் ஒருவரையும் அடையாளம் தெரியாது. இந்தக் கதைக்குரியவர் முப்பத்தோரு வருஷமாக அப்படிப் பல் கட்டிக்கொண்டிருப்பவர். முன்பக்கம் டாக்டரம்மாவின் பல் ஆஸ்பத்திரி. பின்பக்கம் ஒற்றை ஜன்னல் அறையில் இவருடைய பட்டறை. எல்லோருக்கும் இவர் 'மாஸ்டர்'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பதே சந்தேகம்.

வேலையில் ஆள் புலி, சும்மா சொல்லக்கூடாது. டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிக் காயவைத்து எடுத்தால் அந்த மனிதரின் ஈறும் தாடையும் அப்படியே கையில் வந்துவிடும். அதன்மேல் ரோஸ் நிற மெழுகை வைத்து, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடுபண்ணிச் சூடுபண்ணி இழைத்து, பல்லை ஒவ்வொன்றாக நடுவார். இவர் கட்டின செட்டு குத்துகிறது, கழன்று விழுகிறது என்று திரும்பி வந்ததே கிடையாது.

அதற்கு டாக்டரம்மாவுக்கும் பங்கு உண்டு. மேல்தாடையும் கீழ்த்தாடையும் எப்படிச் சேருகின்றன என்று அளவெடுக்கும்போது அவர் ஒரு காரியம் செய்வார். நோயாளியின் வாயில் மெழுகுத் துண்டை வைத்து, "கடிங்க" என்று சொல்லிவிட்டு, சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் காரணம் கேட்டார்.

"மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா, நமக்கு எப்படி வேணுமோ அப்படிக் கடிச்சுக் காட்டுவாங்க, மாஸ்டர். அவங்க கடி வராது, நம்ம கடிதான் வரும். அதை வச்சு நீங்க செட்டுக் கட்டினா நாளைக்கு வாயெல்லாம் புண்ணாயிடும்."

மாஸ்டர் தலையாட்டினார். புரிந்ததா? புரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவருக்கு இன்னொரு கைவேலையும் உண்டு. மதியம் சாப்பிட்டு முடித்ததும் கை துறுதுறு என்று இருக்கும். மிச்சம் மீதி ரோஸ் மெழுகை உருட்டி எலுமிச்சம்பழ அளவில் தலை செய்வார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர், போகிறவர், சொந்தக்காரர், அக்கம்பக்கம் என்று யாரையும் விடமாட்டார். பத்து நிமிஷத்தில் மூஞ்சி வந்துவிடும், அதுவும் எப்படி! எந்த மனிதருக்கும் ஊர் கண்ணில் படக்கூடாது என்று மறைத்து வைத்திருக்கிற ஏதோ ஒன்று இருக்குமே, தொங்குகிற தாடையோ, ஒரு பக்கம் பெரிய காதோ, அதை இவர் கண் நேராகப் போய்ப் பிடிக்கும். அதை மட்டும் இரண்டு பங்காக்கிச் செய்வார். பிறகு நாலு பேர் கூடியிருக்கிற நேரமாகப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் நிறுத்துவார். அவ்வளவுதான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தலைக்குச் சொந்தக்காரரும் சிரிப்பார். வேறு என்ன செய்வார், பாவம்! கோபப்பட்டால் 'தமாஷ் தெரியாத ஆள்' என்று பெயர் வாங்க வேண்டுமே.

"மாஸ்டர் இருக்கிற இடத்துல சிரிப்புக்குப் பஞ்சமே இல்லப்பா!" என்பார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். பட்டறை அலமாரியின் மேல்தட்டில் நாற்பது தலைகள் வரிசையாக நின்றன. ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண் இருந்தாள். படபடப்பு வந்தால் அவளுக்கு இடது கண் தானாகச் சிமிட்டும். ஒரு கண்ணை இறுக மூடி, வாயைக் கோணலாக்கி அவள் தலையைச் செய்தார். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுப் போனாள். வேறு நல்ல இடம் கிடைத்திருக்கும் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

வெளியாட்களோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். மனுஷன் பெற்ற மகளையும் விட்டுவைக்கவில்லை.

அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. வீட்டுக்கு மச்சான் குடும்பம் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடம் நிறைய ஆட்கள். மாஸ்டர் பையிலிருந்து தலையை எடுத்தார். இரட்டைப் பின்னல், சின்ன மூக்கு, அதற்குக் கீழே உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த இரண்டு பெரிய முன்பற்கள். மச்சான் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். பிள்ளைகள் குதித்தன. மகளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் கை வாயைவிட்டு இறங்கவில்லை.

சிரித்தால் கை, பேசினால் கை, பள்ளிக்கூடத்துப் புகைப்படத்திலும் கை. அவள் குரலே மாறிப்போனது, விரல்களுக்குப் பின்னாலிருந்து அமுங்கி அமுங்கி வரும். "கையை எடு கண்ணு, ஈ ஒண்ணும் உள்ள போயிடாது!" என்று அதையும் ஒரு தமாஷாக்கினார் மாஸ்டர். மனைவி, "விடுங்களேன்" என்பாள். "நான் செஞ்சப்போ அவளே சிரிச்சாளே, உனக்கென்ன வந்துச்சு?" என்பார். அவள் சிரித்தாள் என்பதுதான் அவர் கையிலிருந்த ஒரே சாட்சி. பத்தொன்பது வருஷமாக அதை வைத்தே காலம் தள்ளினார்.

மகள் படித்தாள், கல்யாணம் ஆனது, ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் குடியிருந்தாள். போன் பண்ணினால் அம்மாவோடுதான் பேச்சு. அப்பாவிடம் "நல்லா இருக்கீங்களா? சரி, வைக்கிறேன்." பெண் பிள்ளைகள் கல்யாணமானால் அப்படித்தான் என்று மாஸ்டர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

இந்த வருஷம் பள்ளி விடுமுறைக்கு, இரண்டு வருஷம் கழித்து, மகள் தன் ஆறு வயதுக் குட்டியோடு வந்தாள். பத்து நாள் இருப்பதாகத் திட்டம். குட்டி படு வாயாடி. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அந்தச் சந்து வழியாக நாக்கை நீட்டிக் காட்டுவதும், 'சோறு' என்று சொன்னால் விசிலடிப்பதுமாக வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது. தாத்தா முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களும் மச்சானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் வேலையிலிருந்து வந்தார், பையில் கையை விட்டார். குட்டியின் தலை. பெரிய வாய், நடுவில் குகை மாதிரி ஓட்டை. பாசத்தில்தான் செய்தார், அது சத்தியம். பாசமாம், பெரிய பாசம்! அந்தப் பாசத்துக்கு நாலு பேர் கூடும்வரை காத்திருக்கத் தெரிந்திருந்ததே.

எல்லோரும் சிரித்தார்கள். குட்டி பொம்மையைப் பார்த்தது. பிறகு தாத்தா முகத்தைப் பார்த்தது. பிறகு "ஹி ஹி" என்றது. அப்புறம் அதன் வலது கை மெல்ல எழும்பி வாயை மூடிக்கொண்டது.

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற மகள் அதைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள், துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் காலை ஆட்டோ வந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது, வாயை மூடிய கைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

"எனக்காவது பதிமூணு வயசுப்பா. இவளுக்கு ஆறு. இனிமே இவளைக் கூட்டிட்டு வரமாட்டேன்."

ஆட்டோ திரும்பும்போது குட்டி கையாட்டியது. இன்னொரு கை வாயிலேயே இருந்தது. மாஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மனைவி உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, தன் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "காணோம் காணோம்னு தேடினீங்களே. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்." பிரித்தார். பத்தொன்பது வருஷத்து மெழுகு, கொஞ்சம் வளைந்து, தூசி படிந்து. மகள்.

அதைத் தொழில்காரர் கண்ணோடு பார்த்தபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது டாக்டரம்மா அவள் வாயைப் பார்த்துவிட்டு, "இது ஒரு குறையே இல்ல மாஸ்டர், ஒரு நூல்தான் முன்னால வந்திருக்கு, தானா அமுங்கிடும்" என்று சொல்லியிருந்தார். அடுத்தவர் வாயில் மயிரிழை பிசகினாலும் பிரித்துக் கட்டுகிற மனிதர், மகள் வாயில் ஒரு நூலை ஒரு விரற்கடை ஆக்கியிருந்தார். இல்லாத குறையைச் செய்து, அதை அவளுக்கே மாட்டிவிட்டிருந்தார். அவளும் பத்தொன்பது வருஷமாக அதை மறைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் பாவி" என்றார் மாஸ்டர்.

"நானும் சிரிச்சேன் அன்னைக்கு" என்றாள் மனைவி. "வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு சிரிச்சேன். பெத்தவ." அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே பட்டறைக்குப் போய் அத்தனை தலைகளையும் உருக்கிவிடுவதாக மாஸ்டர் கிளம்பினார். மனைவி குறுக்கே நின்றாள்.

"உருக்கிட்டா? எல்லாம் சரியாப் போச்சா? நாற்பது தலை செஞ்சீங்களே, அதுல ஒண்ணாவது உங்க மூஞ்சியா?"

இல்லை. ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

மறுநாள் மதியம் பட்டறையில் கண்ணாடியை நிறுத்தி வைத்துக்கொண்டு தன் தலையைச் செய்ய உட்கார்ந்தார். ஊரார் குறையைப் பத்து நிமிஷத்தில் பிடிக்கிற கைக்குத் தன் குறை பிடிபடவில்லை. கொஞ்சம் வழுக்கை, கொஞ்சம் மீசை. பார்த்தால் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் மாதிரி கண்ணியமாக வந்தது. பிசைந்துவிட்டு மறுபடி செய்தார். மறுபடியும் கண்ணியம்! ஒரு வாரம் இதே கூத்து. அவருக்கே அசிங்கமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: அச்சு இல்லாமல் எப்படிச் செய்வது? தன் முகம் யார் மேல் பதிந்ததோ அவர்களிடம்தானே அளவு இருக்கும்?

மகளிடம் கேட்க வாய் வரவில்லை. வரவேற்பில் இருந்த பெண் இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள் என்று டாக்டரம்மா சொன்னார். "பார்க்கப் போறீங்களா? போங்க" என்றவர், "அவ ஏன் போனான்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். உங்க வேலை எனக்கு வேணுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்" என்றார். அவருக்கும் சொல்ல ஒன்று இருந்திருக்கிறது.

கடையில் சுவரெல்லாம் கண்ணாடிச் சட்டங்கள், மேஜை மேல் முகம் பார்க்கிற குட்டிக் கண்ணாடிகள். அந்தப் பெண் இவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். இடது கண் சிமிட்ட ஆரம்பித்தது. ஆறு வருஷம் கழித்தும்.

"உட்காரும்மா. நான் ஒண்ணும் செய்ய வரல. ஒண்ணு கேட்கணும்." "அன்னைக்கு உன் தலையைக் காட்டினேனே... அப்போ என் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவள் கிண்டல் பண்ண வந்திருக்கிறாரோ என்று பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"நீங்க பொம்மையைப் பார்க்கல மாஸ்டர். சிரிச்சவங்களையும் பார்க்கல. என்னைத்தான் பார்த்தீங்க. கழுத்தை இப்படி முன்னால நீட்டிக்கிட்டு, புருவத்தைத் தூக்கிக்கிட்டு, நான் சிரிக்கிறேனா சிரிக்கிறேனான்னு. நான் சிரிக்கிற வரைக்கும் விடல. மத்தவங்க சிரிச்சதைக்கூட மறந்துட்டேன். என்னைச் சிரிக்க வச்சீங்க பாருங்க, அதுதான் மறக்கல."

"தப்புதாம்மா. பெரிய தப்பு. என்னை..."

"இப்பவும் அதேதான் மாஸ்டர்" என்றாள் அவள். மேஜை மேலிருந்த கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினாள். "பாருங்க."

பார்த்தார். கழுத்து நீண்டிருந்தது. புருவம் ஏறியிருந்தது. உதடு பாதி திறந்து, அவள் 'பரவாயில்ல மாஸ்டர்' என்று சொல்வதற்காகக் காத்திருந்தது. பிச்சை கேட்கிற மூஞ்சி, ஆனால் கொடுக்காமல் நகரவிடாத மூஞ்சி. சீ என்று ஆகிவிட்டது அவருக்கு. அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவரும் கேட்காமல் எழுந்தார். வாசலில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்காமல் நடந்தார்.

வழியெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம். மகள் பொம்மையைப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அங்கே இந்த மூஞ்சி காத்துக்கொண்டிருந்தது. பதிமூன்று வயதுப் பிள்ளை, அப்பா கேட்டதைக் கொடுத்துவிட்டாள். அதைத்தான் இத்தனை வருஷமாகச் சாட்சி சாட்சி என்று சொல்லிக்கொண்டிருந்தோமா? மாஸ்டர் நடுத்தெருவில் நின்று அழுதார். யாரோ, "என்ன பெரியவரே, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்கள்.

மறுநாள் தலை வந்துவிட்டது, இந்த முறை பத்தே நிமிஷத்தில். நீண்ட கழுத்து, ஏறின புருவம், விடாத கண். ஒன்றையும் இரண்டு பங்காக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. மெழுகாக விட்டால் என்றைக்காவது மனசு மாறி உருக்கிவிடுவோம் என்று பயந்து, அச்செடுத்து பிளாஸ்டர் மாவில் வார்த்தார். டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மனைவிதான் சரியாகச் சொன்னாள்: "இதுதான். கல்யாணமானதுல இருந்து நான் பார்க்கிற மூஞ்சி இதுதான்."

அவள் மகளுக்குப் போன் போட்டாள். "அப்பா தன்னையே செஞ்சிருக்கார்டி. பார்க்கிறியா?"

அந்தப் பக்கம் அமுங்கின குரல் கேட்டது. "பார்த்துட்டு நான் என்ன செய்யணுமாம்?"

மனைவி போனை மூடிக்கொண்டு அதை அப்படியே கேட்டாள். மாஸ்டருக்குப் பதில் வாயில் தயாராக இருந்தது: மன்னிச்சிட்டேன்னு சொல்லணும், குட்டியைக் கூட்டிட்டு வரணும். சொல்ல வாயெடுத்தவர் கையால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நீண்டுதான் இருந்தது. எழுந்துபோய்விட்டார்.

இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மனைவியிடம், "ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொல்லு" என்றார். "அவ சிரிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். வேணாம்னா நான் வரவும் வேண்டாம்."

சாயங்காலம் பதில் வந்தது. "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு."

மகள் வீட்டுக் கூடம் சின்னது. ஒரு சாப்பாட்டு மேஜை, நாலு நாற்காலி, ஓரத்தில் தெருவைப் பார்த்த ஜன்னல். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். குட்டி ஓடி வரவில்லை. அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு, கை வாயில் இருக்க, தள்ளி நின்றது. இந்தப் பயணத்தில் குட்டி தன்னிடம் வருமா வராதா என்பதைத் தவிர வேறு எதுவும் மாஸ்டர் மனசில் இல்லை. அதைக் கேட்க மட்டும் தனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

துண்டில் சுற்றிய பொட்டலத்தை மேஜை நடுவில் வைத்தார்.

"பாருங்க" என்றார்.

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். முப்பத்தோரு வருஷம் டாக்டரம்மா செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இன்றைக்குத்தான் தானும் செய்தார்.

எதிர்ப்பக்கம் ஒரு ஆள் ஸ்கூட்டரைச் சாய்த்து உதைத்துக்கொண்டிருந்தான். பின்னால் துண்டு பிரிகிற சத்தம் கேட்டது. திரும்பு, திரும்பு என்று கழுத்து அரித்தது. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா இது?" என்றது குட்டி.

"தாத்தா."

"ஏன் இப்படிப் பார்க்கிறாரு?"

"நாம சிரிக்கணும்னு பார்க்கிறாரு."

"சிரிக்கணுமா?"

ஸ்கூட்டர்காரன் நாலு தடவை உதைத்தான், வண்டி கிளம்பவில்லை.

"எனக்குச் சிரிப்பு வரலப்பா" என்றாள் மகள்.

குரல் அமுங்கவில்லை. விரல் எதுவும் குறுக்கே இல்லாமல், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட குரல், தெளிவாக, கொஞ்சம் கோபமாக, முதுகில் வந்து விழுந்தது. அந்த வாயைத் திரும்பி ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று உயிரே துடித்தது.

"வர வேண்டாம் கண்ணு" என்றார், தெருவைப் பார்த்தபடி.

"அன்னைக்கும் வரல."

"தெரியும்மா. இப்பத்தான் தெரியும்."

"எனக்கும் வரல!" என்று குட்டி கத்தியது, பல் போன சந்தில் காற்று சீட்டியடிக்க. "தாத்தா, எனக்கும் சிரிப்பே வரல!"

"சரிடா" என்றார் மாஸ்டர். எதிரே ஸ்கூட்டரும் ஆளும் கலங்கித் தெரிந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர்கள் கூப்பிடுகிறவரைக்கும் திரும்புவதில்லை என்று நின்றுகொண்டிருந்தார்.